ஐந்து ஊருக்கு ஒரு லாரி

நான் பேரூராட்சிச் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், அடுத்தடுத்து இருக்கும் ஐந்து பேரூராட்சிகள் சேர்ந்து, விலைபோகாத பிளாஸ்டிக்கை ஒரே இடத்தில் கட்டு கட்டி அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்கு அனுப்பும் ஏற்பாட்டில் முதலிலிருந்து இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் இப்போது பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சங்கடம், விட்டுவிடுகிறேன். வேறு மாவட்டங்களிலிருந்து பழைய சகாக்கள் போன் போட்டு, "சார், எப்படிச் செஞ்சீங்க, தீர்மான நகல் இருக்கா?" என்று கேட்கிறார்கள். நகல் கொடுத்துவிடலாம். ஆனால் அடிதடி ஆகாமல் இந்த ஏற்பாடு ஓடியதற்கான காரணம் எதுவும் அந்த நகலில் இல்லை.

டெல்டாவில் குப்பை கொட்ட இடம் கிடையாது என்பதை மேட்டு நிலத்து ஆட்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். வயல், வாய்க்கால், படுகை, மறுபடி வயல். புறம்போக்கு என்று பார்த்தால் பெரும்பாலும் நீர்நிலைப் புறம்போக்கு, அதைத் தொடக்கூடாது. பள்ளம் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே ஊற்று கண்டுவிடும். அதனால் உரக்கிடங்கு என்று பெயர் வைத்திருந்த எங்கள் பக்கத்துப் பழைய குப்பைக் கிடங்குகள் எல்லாம் ஆற்றங்கரையிலோ சுடுகாட்டை ஒட்டியோதான் இருந்தன. ஆற்றில் தண்ணீர் திறந்தால் கரையோரக் குப்பை கிழக்கே கிளம்பிவிடும். அடுத்த ஊர் மதகில் போய் அடைத்துக்கொள்ளும். ஊர்களுக்குள் குப்பைத் தொடர்பு அப்போதே இருந்தது, ஒப்பந்தம்தான் இல்லை.

நாங்கள் தொடங்கியபோது நடைமுறையில் இருந்த 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இதற்கு இடம் இருந்தது. ஐந்து லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிகள் குப்பையைப் புதைக்கும் நிலநிரப்பிடத்தைக் கூட்டாக அமைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் உள்ள நகரங்கள் செலவைப் பகிர்ந்துகொள்வதற்கு மாநில அரசு வசதி செய்து தரவேண்டியிருந்தது. எரித்தால் கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தரக்கூடிய குப்பையை மண்ணில் புதைக்கக்கூடாது என்றும் அதே விதிகள் சொல்லின. பிஸ்கட் கவர், சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே எல்லாம் இதில் சேர்த்தி. காயலான் கடைக்காரர் தொடமாட்டார், உரமாகவும் ஆகாது, புதைக்கவும் கூடாது. சிமென்ட் சூளைதான் வழி. சூளைக்குள் 1,450 டிகிரிக்கு மேல் போகும், எரிந்த சாம்பல்கூடத் தனியாக மிஞ்சாமல், அரைத்தால் சிமென்ட் ஆகும் கிளிங்கர் கட்டியோடு கலந்துவிடும். எங்கள் அதிர்ஷ்டம், கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூர். சுண்ணாம்புக்கல் பூமி, வரிசையாக ஆலைகள்.

பிரச்சினை லாரியில்தான் இருந்தது. கணக்கைப் பாருங்கள். பதினையாயிரம் பேர் உள்ள பேரூராட்சி. தலைக்கு 250 கிராம் என்று வைத்தால் நாளுக்கு நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை. அட்டை, பெட் பாட்டில், பால் கவர், இரும்பு, குடம் உடைசல் எல்லாம் விற்றுவிடும். மிஞ்சுகிற விலைபோகாத பிளாஸ்டிக் எங்கள் அனுபவத்தில் நாளுக்கு 200 கிலோவைத் தொடாது. பத்து டன் லோடு சேர இரண்டு மாதம் ஆகும். அதுவரை அதை மழையில் நனையாமலும், மாடு மேயாமலும், எவனாவது பீடியை எறிந்து தீப்பிடிக்காமலும் காக்க வேண்டும். கட்டு கட்டாமல் அப்படியே ஏற்றினால் லாரி ரொம்பிவிடும், எடை ஏறாது. கட்டு கட்ட பேலிங் மிஷின் வேண்டும். அந்த மிஷினை ஒரு ஊருக்கு ஒன்று என்று வாங்கிப் போட்டால் வாரத்தில் ஒரு நாள் ஓடும், மற்ற நாள் துருப்பிடிக்கும். ஐந்து ஊர் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு லோடு தயார். கூட்டு என்று நாங்கள் பேசியதெல்லாம் இந்த ஒரு லாரிக்காகத்தான்.

தொடக்கம் தற்செயலாக நடந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது அல்லவா, கடை கடையாகப் போய்ப் பறிமுதல் செய்த கேரி பேக், டம்ளர், பிளாஸ்டிக் பூசிய காகித வாழை இலை எல்லாம் அலுவலக அறைகளில் கூரை முட்டக் குவிந்தது. விற்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. பிறப்பு இறப்புப் பதிவேடு எடுக்கவே அந்த மூட்டைகளை நகர்த்த வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்ச் செயல் அலுவலர் ஒருவர், "என்கிட்ட அரை லோடு இருக்கு, உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். அப்படி நான்கைந்து ஊர் மூட்டைகள் ஒரே லாரியில் ஏறின. இதையே வழக்கமாக்கினால் என்ன என்ற பேச்சு அதற்குப் பிறகு வந்தது.

ஆனால் மேலே போனபோது அந்தப் பேச்சின் வடிவம் மாறிவிட்டது. ஆய்வுக் கூட்டத்தில், "எதுக்கு பிளாஸ்டிக் மட்டும்? அஞ்சு ஊருக் குப்பையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோயிடுங்க, பெரிய திட்டமாப் போட்டா நிதி வரும்" என்று யோசனை வந்தது. இடமும் பார்க்கப்பட்டது. வரைபடத்தில் "காலி இடம்" என்று காட்டப்படுவது எப்போதும் காலனிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். என் பணிக்காலம் முழுக்க இதற்கு விதிவிலக்கு நான் பார்த்ததில்லை. தெருவிளக்கு கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம், குப்பை மட்டும் முதலில் போய்ச் சேரும். காலனிப் பெரியவர் ஒருவர் என்னிடம், "சார், எங்க ஊருக் குப்பையையே எங்ககிட்ட கொட்டுறீங்கன்னுதான் இத்தனை வருஷமா மனு கொடுக்குறோம். இப்ப வெளியூர்க் குப்பையுமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்விக்கு மேல் கட்டிய திட்டம் நிற்காது என்று குறிப்பு எழுதி அனுப்பினேன்.

கேரளத்துக் கதைகள் அப்போது எனக்குக் கைகொடுத்தன. திருவனந்தபுரத்துக் குப்பையை விளப்பில்சாலை என்ற கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். 2011-ல் ஊரே திரண்டு அங்கிருந்த குப்பை ஆலையைப் பூட்டிவிட்டது. ஆலப்புழை நகராட்சிக் குப்பை மாராரிக்குளம் தெற்கு ஊராட்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கேயும் அடுத்த வருடமே லாரியை மறித்தார்கள். இரண்டு நகரங்களும் வேறு வழியில்லாமல் மக்கும் குப்பையை வீட்டிலும் தெருமுனையிலும் உரமாக்கக் கற்றுக்கொண்டன. நான் ஓய்வு பெறும் சமயத்தில் 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. அக்கம்பக்கத்து நகராட்சிகளும் கொண்டுவந்து கொட்டிய இடம் அது. தீயை அணைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது, நகரமே புகைக்குள் கிடந்தது. கலந்த குப்பையைப் பல ஊர் சேர்ந்து ஒரே இடத்தில் குவிப்பதற்குக் கூட்டுறவு என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆகவே எங்கள் ஒப்பந்தத்தின் முதல் வரி இப்படி அமைந்தது: மக்கும் குப்பை எந்த ஊரில் சேர்கிறதோ அந்த ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு ஊரிலும் குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கும் வளம் மீட்புப் பூங்கா இருந்தது. நன்றாக ஓடியதும் உண்டு, பெயர்ப்பலகை மட்டும் இருந்ததும் உண்டு. அதைச் சரிசெய்யாத ஊருக்குப் பொது மிஷினில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டோம். இரண்டாவது வரி, விலைபோகிற பொருளும் எல்லை தாண்டக்கூடாது.

இந்த இரண்டாவது வரிதான் ஏற்பாட்டைக் காப்பாற்றியது என்பேன். வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், எல்லா மறுசுழற்சிப் பொருளையும் ஒரே இடத்தில் சேர்த்து விற்றால் பேரம் பேசிக் கூடுதல் விலை வாங்கலாம் என்று அழகாகப் படம் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். ஆனால் அட்டையும் பாட்டிலும் விற்ற காசு எங்கள் ஊர்களில் தூய்மைப் பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வந்தது. தீபாவளிக்கு முன் அந்தத் தொகை கைக்கு வருவதை நம்பி ஏலச்சீட்டு போட்டவர்கள் இருந்தார்கள். பொருள் ஐந்து ஊருக்கும் பொது என்று ஆனால் காசும் பொதுக் கணக்குக்குப் போகும். பொதுக் கணக்கிலிருந்து பணியாளர் கைக்குத் திரும்பி வரும் பாதை எவ்வளவு நீளம் என்று அரசு அலுவலகம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காசு நின்ற மறுநாளே பிரிப்பதும் நின்றுவிடும், கலந்த குப்பைதான் வரும். பணியாளர்கள் தரம் பிரித்தால்தான் மிஷினுக்கு நல்ல சரக்கு. ஆகவே காசு வருவது அவரவர் ஊரில், செலவு வைப்பது மட்டும் பொதுவில் என்று பிரித்துக்கொண்டோம்.

மிஷின் இருக்கும் ஊருக்கு என்ன லாபம் என்ற கேள்வி அடுத்தது. அந்த ஊர் பங்குத் தொகை கட்ட வேண்டாம். மிஷின் வேலைக்கும் பிரிக்கும் மேசைக்கும் பக்கத்துக் குடியிருப்புப் பெண்களுக்கே முதலிடம். மிஷினுக்குக் கொட்டகை போடும் முன்பே சாலையும் விளக்கும் போடப்பட்டன. இருட்டிய பிறகு எந்த வண்டியும் உள்ளே வராது. ஈரக் குப்பை கலந்த வண்டி வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்ப அந்த ஊர் மேற்பார்வையாளருக்கு அதிகாரம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முதல் மாதமே ஒரு குட்டியானை வண்டியை அந்த மேற்பார்வையாளர் அம்மாள் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பிய ஊரில் எனக்கு நெருக்கமான அலுவலர், போனில் கொதித்தார். நான் அந்த அம்மாள் பக்கம் நின்றேன். அன்றைக்கு வளைந்து கொடுத்திருந்தால் அடுத்த வாரம் ஐந்து ஊரிலிருந்தும் அதே மாதிரி வண்டி வந்திருக்கும்.

செலவைப் பங்கு போடுவதில் ஒரு விசித்திரம் நடந்தது. எடைக்குத் தக்கபடி காசு என்பதுதான் நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு வண்டியும் எடை மேடையில் ஏறி சீட்டு வாங்கும், மாதக் கடைசியில் கணக்கு. சில மாதத்தில் ஒரு ஊரின் எடை பாதியாகக் குறைந்தது. ஆஹா, மக்கள் மஞ்சப்பைக்கு மாறிவிட்டார்கள் என்று கூட்டத்தில் பாராட்டுகூடச் சொன்னார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஊர்க் கடைசியில் வாய்க்கால் ஓரம் சாயங்காலம் ஆனால் புகை. எடைக்குக் காசு என்று வைத்தால் எடைதான் குறையும், குப்பை குறையாது. அதன்பின் ஊரில் வரி விதிக்கப்பட்ட கட்டடங்களின் எண்ணிக்கையை வைத்து மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை ஆக்கினோம். எவ்வளவு அனுப்பினாலும் அதே தொகை. எடைச் சீட்டை மட்டும் விடவில்லை. எடை குறைந்தால் பாராட்டு கிடையாது, விசாரணைதான்.

இனி ஃபிளெக்ஸ் கதை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இது வருவதில்லை.

ஒரு லோடு ஆலை வாசலிலிருந்து திரும்பி வந்தது. அங்கே ஆய்வகத்தில் மாதிரி எடுத்து ஈரப்பதம், வெப்பத் திறன், குளோரின் மூன்றையும் பார்ப்பார்கள். எங்கள் சரக்கில் குளோரின் கூடுதல். குளோரின் இருந்தால் சூளையின் மேல் அடுக்குக் குழாய்களில் படிவு கட்டி அடைத்துக்கொள்ளுமாம். அவர்களுக்கு அது ஆலையை நிறுத்தும் அளவுக்கான தலைவலி. எங்கிருந்து வந்தது குளோரின்? நாலைந்து கட்டுகளை அவிழ்த்தோம். உள்ளே அமைச்சர் வருகை, மஞ்சள் நீராட்டு, காது குத்து, கண்ணீர் அஞ்சலி. அத்தனையும் ஃபிளெக்ஸ் பேனர். துணி மாதிரித் தெரிந்தாலும் மேலே பூசியிருப்பது பி.வி.சி., அதில்தான் குளோரின். நம் ஊரில் பிறந்ததிலிருந்து செத்ததுவரை எல்லாவற்றுக்கும் பேனர் வைக்கிறோம், அத்தனையும் கடைசியில் அந்த மிஷினுக்குத்தான் வந்திருக்கிறது.

லோடு திரும்பினால் வாடகை இரட்டிப்பு. யார் ஊர்ச் சரக்கு என்று சண்டை. எல்லோரும் அடுத்த ஊரைக் காட்டினார்கள். அந்தச் சண்டையிலிருந்துதான் கயிறு வந்தது. கட்டு கட்டும் பிளாஸ்டிக் கயிறு பல நிறத்தில் கிடைக்கிறது. ஊருக்கு ஒரு நிறம். ஒரு ஊர்ச் சரக்கை இன்னொரு ஊரோடு கலக்காமல் கட்டி, அந்த ஊர்க் கயிறு போட வேண்டும். செலவு ஒன்றும் கிடையாது. அடுத்த முறை தகராறு வந்தபோது லாரியில் ஏறி நின்று பார்த்தாலே போதுமாக இருந்தது. பேரூராட்சித் தலைவர்கள் கொட்டகைக்கு வந்தால் முதலில் தங்கள் ஊர்க் கயிறு எங்கே என்று தேடும் அளவுக்கு ஆகிவிட்டது. என் பணிக்காலத்தில் போட்ட எந்தக் கண்காணிப்புக் குழுவும் அந்தக் கயிறு அளவுக்கு வேலை செய்யவில்லை.

ஃபிளெக்ஸைத் தனியாக எடுத்து வைத்தவுடன் அதற்கு ஆள் வந்துவிட்டது. வைக்கோல் போர் மூட, மாட்டுக் கொட்டகைக்கு மறைப்புக் கட்ட, அறுப்புக் காலத்தில் களத்தில் விரிக்க என்று விவசாயிகள் கேட்டு வாங்கிப் போனார்கள். கிழிந்த பிறகு அதுவும் குப்பைதான், ஆனாலும் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போகிறது. அதே மாதிரி செருப்பு, ரெக்சின் பை, குழாய்த் துண்டு எல்லாவற்றையும் மேசையிலேயே பிடிக்க வேண்டும்.

ஈரத்துக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. பிரிக்கும் மேசையில் இருந்த அக்கா ஒருவர் கட்டைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "இது தண்ணி, சார். அவுத்துக் காயப்போடணும்" என்பார். ஆலைச் சீட்டும் அதையே சொல்லும். கல்யாண மண்டபத்துச் சரக்கில்தான் அது அதிகம் வரும். குழம்பு வழிந்த இலையோடு பாதி குடித்த தண்ணீர் பாட்டிலும் ஐஸ்கிரீம் கிண்ணமும் ஒரே சாக்கில் கிடக்கும். ஆவணி, தை மாதங்களில் ஐந்து ஊரிலும் ஒரே நாளில் முகூர்த்தம் வந்து மேசை திணறிவிடும். மண்டபக்காரர்களைக் கூப்பிட்டு, சாக்கைப் பிரித்துக் கொடுத்தால்தான் வண்டி வரும் என்றோம். ஒரு ஊர் மட்டும் சொல்லியிருந்தால், "பக்கத்து ஊர் மண்டபத்துல இந்தக் கெடுபிடி இல்லையே, புக்கிங் போயிடும்" என்று தப்பித்திருப்பார்கள். ஐந்து ஊரிலும் ஒரே நாளில் ஒரே விதி வந்ததால் பேச்சு எழவில்லை. கூட்டாகச் சேர்ந்ததில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது என்று முன்கூட்டி யாருமே நினைக்கவில்லை.

காகித வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016-லிருந்து 2022 வரை பேரூராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை, தனி அலுவலர் காலம். ஏற்பாட்டைத் தொடங்குவது சுலபமாக இருந்ததற்கு அது ஒரு காரணம் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து மன்றம் வந்தவுடன், "வெளியூர் மிஷினுக்கு நம்ம பணம் ஏன்?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கவுன்சிலர்கள் அத்தனை பேரையும் ஒரு வேனில் ஏற்றிக் கொட்டகைக்கும், அங்கிருந்து தங்கள் ஊர்ப் பழைய கிடங்குக்கும் கூட்டிப் போனேன். இரண்டையும் ஒரே காலையில் பார்த்தவர்களிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அதற்குள் தணிக்கையில் வேறு தடை எழுதியிருந்தார்கள், பேரூராட்சி எல்லைக்கு வெளியே டீசல் செலவு என்று. ஐந்து மன்றங்களும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு, உதவி இயக்குநர் வழியாக அனுமதி வாங்கிய பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. முதலில் தீர்மானம், பிறகு டீசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசகம் ஒரு வார்த்தை மாறினாலும் தணிக்கையாளர் ஐந்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்.

கிராம ஊராட்சிகள் இன்னும் பாக்கி. பேரூராட்சி எல்லை முடியும் இடத்தில் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊராட்சி. குப்பை விழுவது பெரும்பாலும் அந்தப் பாலத்தடியில்தான், இரு தரப்பும் மற்றவரைக் காட்டலாம் என்பதால். ஊராட்சி ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது, பேரூராட்சி வேறு இயக்ககம். வட்டார வளர்ச்சி அலுவலர் நல்லவராக அமைந்த காலத்தில் இரண்டு ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்கள் மூட்டையைப் பாலத்திலேயே எங்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவர் மாற்றலாகிப் போனதும் நின்றது. அந்த இரண்டு ஊராட்சிகளுக்கும் ஒரு நிறக் கயிறு ஒதுக்கி வைத்திருந்தோம், மஞ்சள் என்று ஞாபகம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஊராட்சியையும் முதல் தீர்மானத்திலேயே கையெழுத்திட வையுங்கள். அதிகாரி மாறினால் முதலில் நிற்பது எழுத்தில் இல்லாத உதவிதான்.

தீர்மான நகல் வேண்டுகிறவர்கள் அதோடு விலகும் விதியையும் கேட்டு வாங்குங்கள். ஒரு ஊர் வெளியேற நினைத்தால் ஆறு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், மிஷினில் போட்ட பங்கு திரும்பக் கிடைக்காது, ஆனால் அதன் கயிறு போட்ட கட்டுகள் அத்தனையும் ஆலைக்குப் போய்ச் சேரும்வரை அந்த ஊர்தான் பொறுப்பு. இதை எழுதும்போது, சேரும் முன்பே பிரிவைப் பேசுவது அபசகுனம் என்று ஒரு தலைவர் எழுந்து போய்விட்டார். டீ வந்ததும் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.